நத்தத்துக்கும் மந்தைவெளிக்கும் தமிழ்நாட்டு நில ஆவணத் தளம் எவ்வளவு உதவும்?

வயல் பட்டா வைத்திருப்பவருக்குத் தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளம் பெரிய வசதி. தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டாம், காசு வேண்டாம், நள்ளிரவிலும் சிட்டா (நிலம் யார் பெயரில், எவ்வளவு என்ற விவர நகல்) எடுக்கலாம். வீடு கிராம நத்தத்தில் (ஊரின் குடியிருப்புக்கான நிலத்தில்) இருக்கிறது, ஊர்க் களத்தில் யாரோ கல் நட்டுவிட்டார், தலைமுறையாகப் போய்வந்த வண்டிப்பாதையை வேலி போட்டு மறித்துவிட்டார்கள் என்று தேட வருகிறவரை இதே தளம் பாதி வழியில் விட்டுவிடும். இந்த மதிப்பீடு அவர்களுக்காக.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். தனிப் பட்டா நிலத்துக்கு ஐந்துக்கு நாலரை. நத்தத்துக்கு மூன்று. ஊர்ப் பொதுநிலத்துக்கு இரண்டு. பாதை, மரம், மேய்ச்சல் போன்ற வழக்காற்று உரிமைகளுக்குப் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்குத் தளத்தைச் செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பதிவேட்டில் இல்லாததைத் திரையில் எப்படிக் காட்டுவது?

தளத்தில் இந்த வேலைக்கு உதவும் பகுதிகள் ஐந்து: பட்டா-சிட்டா நகலும் புலப்படமும் (நிலத்தின் அளவை வரைபடம்) பார்ப்பது, அ-பதிவேடு (கிராமத்தின் எல்லாப் புல எண்களின் விவரமும் உள்ள பதிவேடு) பார்ப்பது, புறம்போக்கு நில விவரம் பார்ப்பது, கையில் உள்ள நகல் உண்மைதானா என்று சரிபார்ப்பது, பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிப்பது. மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து, பட்டா எண்ணோ புல எண்ணோ (சர்வே எண்) கொடுத்து, கைப்பேசிக்கு வரும் ஓடிபியைப் போட்டால் நகல் வந்துவிடும். கிராமம் என்றால் வருவாய்க் கிராமம். நீங்கள் இருக்கும் குக்கிராமத்தின் பெயர் பட்டியலில் இல்லையென்றால், அது எந்த வருவாய்க் கிராமத்தில் அடங்குகிறது என்று வீட்டு வரி ரசீதிலோ பழைய பத்திரத்திலோ பாருங்கள். ஊராட்சியின் பெயரும் வருவாய்க் கிராமத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

நத்தத்தைத் தேடும்போது

முதலில் தடுக்கும் இடம் இதுதான். தேடல் பக்கத்தில் ஊரகம், நத்தம், நகரம் என்று நிலவகை கேட்கும். நத்தம் வீட்டுமனையை ஊரகம் என்ற வகையில் தேடினால் விவரம் இல்லை என்று வரும், அல்லது வேறொருவர் பெயர் வரும். நத்தம் பட்டாவுக்கும் வயல் பட்டாவுக்கும் எண் வரிசை தனித்தனி. உங்கள் நத்தம் பட்டா எண் 45 என்றால், ஊரக வகையில் 45ஆம் பட்டா யாரோ ஒருவரின் புன்செய்க் காடாக இருக்கும். மனை பறிபோய்விட்டது என்று பதறிப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு நடந்தது இவ்வளவுதான்.

ஊரகப் பதிவேட்டில் ஊரின் குடியிருப்புப் பகுதி முழுவதும் ஒரே புல எண்ணாக, 'நத்தம்' என்ற ஒற்றைச் சொல்லோடு கிடக்கும். ரயத்துவாரி (உழவரிடம் அரசு நேரடியாக வரி வாங்கும் முறை) நில அளவையின் நோக்கம் தீர்வை (நிலவரி) வசூல். வீட்டுமனைக்குத் தீர்வை கிடையாது, அதனால் யார் வீடு எது என்று எழுதவும் இல்லை. மனை மனையாக அளந்து பெயர் எழுதியது நத்தம் நிலவரித் திட்டத்தில்தான். அப்போது முதலில் தோராயப் பட்டா கொடுத்து, ஆட்சேபணை கேட்டு, பிறகு தூய பட்டாவை இறுதி செய்தார்கள். இன்றும் பல வீடுகளின் டிரங்குப் பெட்டியில் இருப்பது தோராயப் பட்டாதான். அதை வைத்துக்கொண்டு தளத்தில் தேடினால் புல எண்ணின் உட்பிரிவு ஒத்துப்போகாமல் இருக்கலாம், ஏனென்றால் தூய பட்டாவில் அது மாறியிருக்கும். பெயர் வாரியாகத் தேடிப் பாருங்கள். தாத்தா பெயரையும் போட்டுப் பாருங்கள். அளவை நடந்த காலத்தில் வீட்டில் மூத்தவர் யாரோ அவர் பெயர்தான் ஏறியிருக்கும்.

பரப்பைப் படிப்பதிலும் தவறு நடக்கிறது. சிட்டாவில் '0 - 12.50' என்று இருந்தால் பூஜ்யம் ஹெக்டேர், 12.50 ஏர் என்று பொருள். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி, ஏறக்குறைய 2.47 சென்ட். ஆக 12.50 ஏர் என்பது 31 சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இதைப் பன்னிரண்டரை சென்ட் என்று வாசித்து விலை பேசுகிறவர்கள் உண்டு.

பழைய நத்தம் பத்திரங்கள் பலவற்றில் புல எண்ணே இருக்காது. 'கிழமேலடி 30, தென்வடலடி 45' என்றும் நான்கெல்லையும் மட்டும் எழுதியிருப்பார்கள். 30ஐ 45ஆல் பெருக்கினால் 1,350 சதுர அடி, சுமார் 125 சதுர மீட்டர். நத்தம் பட்டாவில் 118 என்று இருந்தால் ஏழு சதுர மீட்டரைத் திருடிவிட்டார்கள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பொதுச்சந்து, பொதுச்சுவரின் பாதி, கூரைத் தண்ணீர் சொட்டும் இடம் ஆகியவற்றைப் பத்திரம் எழுதியவர் உங்கள் கணக்கில் சேர்த்திருப்பார். அளந்தவர் சந்து இருக்கும் இடத்தைத் தனி எண்ணாக்கிப் பாதை என்று எழுதியிருப்பார். வித்தியாசம் அந்த அளவில் இருந்தால் சந்தில் உங்களுக்குள்ள அனுபவ உரிமைதான் கேள்வி, மனையின் உரிமை அல்ல. வித்தியாசம் அதற்கு மேல் போனால்தான் நில அளவைக்கு மனு போடத் தேவை.

பட்டா வந்தால்தான் மனை சொந்தமா?

தளத்தைப் பற்றிய பெரிய தவறான எண்ணம், அதில் பெயர் இல்லையென்றால் உரிமை இல்லை என்பது. நத்தத்தில் அது செல்லாது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் 2ஆம் பிரிவில் எதெல்லாம் அரசுச் சொத்து என்று அடுக்குகிறது. சாலை, தெரு, ஆறு, ஏரி, மற்ற எல்லா நிலமும் என்று சொல்லிவிட்டு, சில விலக்குகளையும் தருகிறது. ஜமீன், இனாம், ரயத்துவாரிப் பட்டா நிலங்களோடு, கோயில் மனையும், வீட்டுமனையாகவோ கொல்லையாகவோ ஒருவர் உரிமை கொண்டுள்ள நிலமும் அந்த விலக்கில் வருகின்றன. ஊர் வழக்கத்தில் குடியிருந்தவருக்கே மனை சொந்தம் என்று இருந்ததைச் சட்டம் அப்படியே ஏற்றுக்கொண்ட இடம் இது. சென்னை உயர் நீதிமன்றமும் கடத்தூர் பேரூராட்சி வழக்கில் (2004) கிராம நத்தம் அரசிடமோ உள்ளாட்சியிடமோ சேர்ந்ததல்ல என்று சொன்னது. ஜமீன் கிராமங்களில் 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு கட்டடங்களைத் தனியாகக் கையாள்கிறது. உங்கள் ஊர் பழைய ஜமீனா என்று தெரிந்துகொள்வது இதனால் முக்கியம்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். குடியிருக்கும் மனைக்குச் சட்டம் உறுதியாக நிற்கிறது. யாரும் குடியேறாமல் காலியாகக் கிடக்கும் நத்தத்தில் தீர்ப்புகள் ஒரே மாதிரி போகவில்லை. வருவாய் நிலை ஆணை 21இன்படி அதை வீடற்றவர்களுக்கு ஒப்படை செய்யும் (ஒதுக்கித் தரும்) அதிகாரம் தன்னிடம் இருப்பதாக அரசு கருதுகிறது. எனவே நாலு கல் நட்டுவிட்டு 'இது நத்தம், எனக்குச் சொந்தம்' என்று சொல்வது நிற்காது. நிற்பதற்குத் தொடர்ச்சியான அனுபவச் சான்று வேண்டும்: பழைய பத்திரம், வீட்டு வரி ரசீதுகள், மின் இணைப்பு ஆவணம், குடும்ப அட்டை முகவரி.

பட்டாவே உரிமைப் பத்திரம் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். வருவாய்த்துறை யாரை அனுபவதாரராக ஏற்றிருக்கிறது என்பதற்கான பதிவு அது. உரிமைத் தகராறு வந்தால் முடிவு சிவில் நீதிமன்றத்தில்தான். நகலின் அடியிலேயே மின்பதிவேட்டிலிருந்து எடுத்தது என்றும், குறிப்பு எண்ணைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளவும் என்றும் அச்சிட்டிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

பட்டா மாறுதல் விண்ணப்பம்

விண்ணப்பம் இரண்டு வகை, உட்பிரிவு உள்ளது, இல்லாதது. முழு மனையும் ஒரே பெயரில் இருந்து இன்னொரு பெயருக்குப் போனால் உட்பிரிவு தேவையில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரித்தால், பாதி மனையை விற்றால், அளந்து பிரிக்க வேண்டும். சேவைக் கட்டணம் 60 ரூபாய், உட்பிரிவுக்கான கட்டணம் தனி. வீட்டிலிருந்தும் போடலாம், இ-சேவை மையத்திலும் போடலாம். முழுப் புலமும் விற்பனையாகி, விற்றவரின் பெயரே பட்டாவிலும் இருந்தால், பத்திரப் பதிவு முடிந்ததும் தானாகவே பெயர் மாறிவிடும் ஏற்பாடும் இருக்கிறது. இந்தத் தளத்தில் மனதாரப் பாராட்ட வேண்டிய ஒன்று அது.

தள்ளுபடியாவதற்குக் காரணம் பெரும்பாலும் சங்கிலி அறுந்திருப்பதுதான். பட்டாவில் தாத்தா பெயர், விற்றவர் பேரன், இடையில் வாரிசுச் சான்றும் இல்லை பாகப்பிரிவினையும் இல்லை என்றால் கிராம நிர்வாக அலுவலர் பரிந்துரைக்க மாட்டார். அடுத்த காரணம், பத்திரத்தில் பழைய புல எண், பட்டாவில் நத்தம் அளவைக்குப் பிந்தைய புதிய எண். இரண்டும் ஒரே இடம்தான் என்று காட்டும் ஒப்பீட்டை விண்ணப்பத்தோடு சேர்க்காமல் விட்டால் 'ஆவணம் பொருந்தவில்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மூன்றாவது, கூட்டுப் பட்டா. அதில் பெயர்கள் வரிசையாக இருக்கும், யாருக்கு எவ்வளவு என்று இருக்காது. ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு விற்றால் மற்றவர்கள் ஆட்சேபிப்பார்கள், மனு அங்கேயே நிற்கும்.

தள்ளுபடி ஆனதும் பலர் அதே மனுவை மறுபடியும் மறுபடியும் போடுகிறார்கள். அது வீண். 1983ஆம் ஆண்டு பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, 13ஆம் பிரிவில் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. விண்ணப்ப நிலை பார்க்கும் பக்கத்தில் வரும் தள்ளுபடிக் காரணத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டில் பதில் சொல்ல வேண்டியது அந்த ஒரு வரிக்குத்தான்.

ஊர்ப் பொதுநிலம்: அ-பதிவேட்டைப் படிக்கும் முறை

மந்தைவெளி (ஊர்க் கால்நடை கூடும் வெளி), களம், மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்), தோப்பு, மயானம், ஏரி உள்வாய் எல்லாவற்றுக்கும் பட்டா கிடையாது. அவற்றைச் சிட்டாவில் தேடி எதுவும் வராமல் போவது இயல்பு. அ-பதிவேட்டில் புல எண் போட்டுப் பாருங்கள். ரயத்துவாரியா சர்க்காரா, நன்செய்யா புன்செய்யா, மண் வயனமும் ரகமும் (மண்ணின் வகையும் தரமும்), பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் என்று கட்டங்கள் வரும். பொதுநிலத்துக்குப் பெரும்பாலான கட்டங்கள் கோடாகவே இருக்கும். முழு விஷயமும் கடைசியில் உள்ள குறிப்புக் கட்டத்தில்தான். 'களம்', 'மந்தை', 'மேய்க்கால்', 'சுடுகாடு' என்று இருந்தால் அந்த ஒரு சொல்லே ஊரின் ஆதாரம்.

அதனால்தான் அந்தச் சொல் மாறும்போது கவனம் வேண்டும். 'மேய்க்கால் புறம்போக்கு' என்று இருந்தது 'தரிசு' ஆகிவிட்டால், அது ஊர்ப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய நிலம் என்ற அடையாளம் போய்விடும், தனியாருக்கு ஒப்படை செய்யவும் வழி திறக்கும். இணையத்தில் தெரிவது இன்றைய நிலை மட்டும். நேற்று என்னவாக இருந்தது, எந்த உத்தரவில் மாறியது என்பது திரையில் வராது. பொதுநிலத்துக்கு இரண்டு மதிப்பெண்ணோடு நிறுத்தியதற்கு முதல் காரணம் இதுவே. பட்டா நிலத்துக்குப் பழைய பத்திரம் சாட்சி சொல்லும், பொதுநிலத்துக்குப் பழைய பதிவேட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

பழைய பதிவேட்டை எடுக்க வழி இருக்கிறது. 1980களில் முடிந்த யு.டி.ஆர். திட்டத்துக்கு (நில உடைமைப் பதிவேட்டைப் புதுப்பித்த திட்டம்) முந்தைய அ-பதிவேடும், அதற்கும் முந்தைய ரீசெட்டில்மென்ட் (மறு நிலவரித் திட்டம்) பதிவேடும் மாவட்ட ஆட்சியரக ஆவணக் காப்பறையில் கேட்கலாம். மிகப் பழையவற்றுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடும்போது 'எங்கள் ஊர் மேய்க்கால் விவரம் தருக' என்று எழுதாதீர்கள். கிராமப் பெயர், கிராம எண், பழைய புல எண், புதிய புல எண், வேண்டிய பதிவேட்டின் பெயர், 'வகைப்பாடு மாற்றிய உத்தரவின் நகல்' என்று எழுதுங்கள். கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் பொதுவாக வரும்.

சட்டம் ஊரின் பக்கம் இல்லாமல் இல்லை. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பில் தென்னாட்டு மந்தைவெளி, புறம்போக்கு, களம் எல்லாம் பெயர் சொல்லியே வருகின்றன. நீண்ட நாள் ஆக்கிரமிப்பு என்பதோ பெரிய கட்டடம் என்பதோ வரன்முறை செய்யக் காரணமாகாது என்றும் சொன்னது. நிலமற்றவர்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் அரசு கொடுத்த குத்தகை, பள்ளி, மருத்துவமனை போன்ற பொதுப் பயன்பாடு ஆகியவற்றுக்கு விலக்கு வைத்தது. ஏரி குளங்களுக்கு 2007ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் உண்டு.

பி-மெமோ பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, அது தளத்தில் எங்கும் தெரியாது. புறம்போக்கில் இருப்பவருக்குக் கிராம நிர்வாக அலுவலர் பி-மெமோ போட்டு அபராதம் வசூலிப்பார். அந்த ரசீதைப் பட்டாவுக்குச் சமமாக மடித்து வைத்திருப்பார்கள். அது நீங்கள் அங்கே இருந்ததற்கு ஆதாரம், கூடவே நிலம் அரசுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதற்கும் ஆதாரம். அரசுக்கு எதிராக 30 ஆண்டு எதிரிடை அனுபவம் (பிறர் நிலத்தை நீண்ட காலம் தன்னுடையதாக அனுபவித்து உரிமை கோருவது) பேச நினைப்பவருக்கு அந்த ரசீதே குறுக்கே நிற்கும். பரம்பரை நத்தம் வீட்டுக்குப் பி-மெமோ வந்தால் பேசாமல் கட்டிவிடாமல், 2ஆம் பிரிவு விலக்கைச் சொல்லி எழுத்தில் பதில் கொடுங்கள். புறம்போக்கில் வளர்த்த புளி, பனை போன்ற மரங்களின் பலனை எடுத்துக்கொள்ளும் 2-சி பட்டா வேறு. அது மரத்துக்குத்தான், மண்ணுக்கு அல்ல.

பாதையும் வில்லங்கமும்

புலப்படத்தில் தனி எண் உள்ள பாதைதான் அரசுப் பாதை. பட்டா நிலத்துக்குள் ஊர் வழக்கமாகப் போய்வந்த பாதைக்குத் தனி எண் இருக்காது. பழைய கிராம வரைபடத்தில் அது புள்ளிக்கோடாக இருக்கலாம், அதனால் வரைபடத்தின் நகலையும் வாங்குங்கள். வருவாய்ப் பதிவேட்டில் இடமில்லாத இந்த உரிமைக்கு 1882ஆம் ஆண்டு அனுபோக உரிமைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 15ஆம் பிரிவில் 20 ஆண்டு இடையறாத அனுபவம் (அரசு நிலம் என்றால் 30), 18ஆம் பிரிவில் ஊர் வழக்கத்தால் வரும் உரிமை. வேலி போட்டவுடன் தாசில்தாரிடம் மனு கொடுத்துக் காத்திருப்பவர்கள் காலத்தை இழக்கிறார்கள். தனியார் பட்டாவுக்குள் இருக்கும் பாதைக்குப் பரிகாரம் உரிமையியல் நீதிமன்றம்தான்.

வில்லங்கச் சான்று இந்தத் தளத்தில் வராது, பதிவுத்துறையின் தனித் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அது பத்திரத்தில் எழுதிய எண்ணை வைத்துத்தான் தேடும். நத்தம் மனைக்குப் புதிய எண்ணில் மட்டும் தேடி 'வில்லங்கம் ஏதுமில்லை' என்று வந்ததை நம்பி முன்பணம் கொடுப்பது ஆபத்து. பழைய நத்தம் எண்ணில் ஒருமுறை, புதிய எண்ணும் உட்பிரிவும் போட்டு ஒருமுறை, கதவு எண்ணில் ஒருமுறை என்று மூன்றையும் பாருங்கள். பழைய எண்ணில் தேடினால் ஊர் முழுக்க நடந்த பரிமாற்றமெல்லாம் வந்து குவியும். நான்கெல்லையைப் படித்து உங்கள் மனையைப் பிரித்தெடுக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பதிவின்போது ஒரு தடை வரலாம். ஊரகப் பதிவேட்டில் நத்தம் சர்க்கார் புறம்போக்காகக் காட்டப்பட்டிருந்தால், அரசு நிலத்தைப் பதியக் கூடாது என்ற பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவைச் சொல்லி சார்பதிவாளர் திருப்பி அனுப்புவார். நத்தம் வகையில் எடுத்த பட்டா நகலையும் அ-பதிவேட்டுப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அப்படியும் மறுத்தால் மறுப்புச் சீட்டை எழுத்தில் வாங்குங்கள், வாய்மொழி மறுப்புக்கு மேல்முறையீடு போட முடியாது.

தளத்தில் கண்ட பிழையைத் திருத்த ஜமாபந்தி (ஆண்டுதோறும் நடக்கும் கிராமக் கணக்குத் தணிக்கை) நல்ல வாய்ப்பு. பசலி ஆண்டு (வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டு) ஜூலை 1இல் தொடங்கும். கோடையில், அது முடிவதற்கு முன்பு, தாலுகாவில் எல்லாக் கிராமக் கணக்கும் ஒரே இடத்துக்கு வரும் நாள்கள் அவை. கணக்குப் புத்தகம் எதிரிலேயே இருக்கும் என்பதால், 'குறிப்புக் கட்டத்தில் களம் என்றிருந்தது விடுபட்டுள்ளது' என்ற மனுவை அங்கே தட்டிக்கழிப்பது கடினம். தளத்திலிருந்து எடுத்த இன்றைய அ-பதிவேட்டு நகலையும், காப்பறையில் வாங்கிய பழைய பக்கத்தின் சான்றிட்ட நகலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மாறிய கட்டத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.